பல் டாக்டரின் லென்சும் உடைந்த போல்ட்டும்

போன மாதம் யாமினி போன் செய்தாள். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த லேபில் இப்போது கேமரா அவள் பொறுப்பில் இருக்கிறது. சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் புது மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்க ஒப்புதல் வந்திருக்கிறதாம். அறுபது மில்லிமீட்டர் வாங்கலாமா, நூறு வாங்கலாமா என்று கேட்டாள். யோசிக்காமல் நூறு என்றேன். "ரெண்டுமே சாமானை ஒரே சைசுலதானேக்கா காட்டுது? அறுபது சின்னதா, கைக்கு அடக்கமா இருக்கு. நூறுல இன்னா விசேஷம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. நானும் அதையே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லத் தொடங்கியதும் பேச்சு ஒரு விபத்துக்குப் போனது, அங்கிருந்து ஒரு பல் டாக்டருக்குப் போனது. பாதியில் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. எழுதி அனுப்புங்கள் என்றாள். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இதில் லென்சைவிட மனிதர்கள்தான் அதிகம் என்று.

எனக்குக் கேமரா கல்யாணத்தோடு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்யாண வீடுகளில் மணப்பெண் அறைக்குள் அவர் அதிக நேரம் நிற்க முடியாது. அதனால் கேமராவை என் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். மருதாணிக் கை, நெற்றிச்சுட்டி, வங்கி, ஜிமிக்கி எல்லாம் என் பங்கு. கிட்டே போய் எடுக்க லென்சின் முகத்தில் திருகி மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கித் தந்தார். க்ளோசப் ஃபில்டர் என்பார்கள். நடுவில் நன்றாகத் தெரியும், ஓரமெல்லாம் நீர் பட்டதுபோல் கலங்கும். ஜிமிக்கிக்கு அது போதும்.

பிறகு ஒரு நகைக்கடை எங்களிடம் படம் எடுக்கச் சொல்லி நகைகளைக் கொடுத்தது. அப்போது கற்றுக்கொண்டதுதான் என் மொத்தப் படிப்பு. பளபளப்பான பொருளைப் படமெடுத்தால் அந்தப் பொருள் விழாது, அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் அதில் விழும். வெளிச்சத்துக்கும் நகைக்கும் நடுவில் பட்டர் பேப்பரைக் கூடாரம்போல் கட்டினேன். ஒரு பக்கம் கருப்பு அட்டை வைத்தால் விளிம்பு எழுந்து நிற்கும் என்று தெரிந்தது. எல்லாம் செய்து செய்து பார்த்து வந்தது.

எல்லார் கையிலும் நல்ல போன் வந்த பிறகு கல்யாண ஆர்டர் குறைந்தது. பெரிய கல்யாணமெல்லாம் சென்னையிலிருந்து வரும் கூட்டத்துக்குப் போனது. எங்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்சும் மிஞ்சின. அப்படிப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்தான் ஜெசிந்தா மேடம். சுவரில் பெரிதாக்கி மாட்டியிருந்த ஒட்டியாணப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். யார் எடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். கல்லில் ஏன் ஃபிளாஷ் வெளிச்சம் திட்டாகத் தெறிக்கவில்லை என்று கேட்டார். கூடாரக் கதையைச் சொன்னேன். பட்டர் பேப்பரை எடுத்துக் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இரும்பை இப்பிடி எடுப்பீங்களாக்கா?" என்றார்.

அவர் உலோகம் படித்தவர். காருக்குத் தகடு அடித்துப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லேபுக்குத் தலைவி. இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். நாற்பது தாண்டிய எனக்கு ஐடி கார்டும் பாதுகாப்பு ஷூவும் வாங்கித் தந்து கம்பெனி பஸ்ஸில் ஏற்றியவர் அவர்தான். முதல் நாள் ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தபோது இரண்டு செங்கல்லை இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. என் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

லேபுக்கு வருவதெல்லாம் உடைந்தது, விரிசல் விட்டது, துருப்பிடித்தது. அது ஏன் அப்படி ஆனது என்று மேடம் பார்ப்பார். பார்த்ததைப் பிறரும் பார்க்கும்படி படமாக்குவது என் வேலை.

மேடம் ஒரு பாகத்தைப் பார்க்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. வந்தவுடன் கேமராவை எடுக்கவிட மாட்டார். முதலில் கை கழுவுவார். பாகத்தை வெள்ளைத் துணியில் வைத்து, மேலே எரியும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்வார். ஒரு சின்ன டார்ச்சை மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடித்து, பாகத்தைச் சுற்றி மெதுவாக ஒரு சுற்று வருவார், கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல. அவர் சர்ச்சுக்குப் போகிறவர், இதை நான் சொன்னால் சிரிப்பார். உடைந்த இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க யாராவது கை நீட்டினால் மட்டும் குரல் கொஞ்சம் உயரும். பொருத்தினால் இரண்டு முகமும் உரசி, அதில் எழுதியிருப்பது அழிந்துவிடும். விரல் பட்டாலும் வியர்வையில் துரு ஏறும்.

அப்புறம் என்னிடம் கேட்பார்: "பார்த்தத மட்டும் சொல்லுங்கக்கா. நெனச்சத அப்புறம் சொல்லலாம்." இந்த வரியை என் வேலைக்காலம் முழுதும் கேட்டேன். படம் நன்றாக வந்தால் பாராட்ட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவார். அதுதான் பரிசு.

லேபில் எங்களுக்கு இருந்தது அறுபது மில்லிமீட்டர் மேக்ரோ. நல்ல லென்ஸ், குறை சொல்ல மாட்டேன். ஒரு ரூபாய் காசளவு உள்ள பொருளை ஓரம்வரை கலங்காமல் காட்டும். வெல்டிங்கை அறுத்த தட்டை முகம், தகட்டில் விழுந்த கீறல் எல்லாவற்றுக்கும் அது போதும். இன்னும் கிட்டே போகவேண்டுமென்றால் லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டுவோம். அதில் கண்ணாடியே கிடையாது, வெறும் வளையம். லென்சைத் தள்ளி நிறுத்தினால் உருவம் பெரிதாகும், வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். கேமரா ஒரு கம்பத்தில் கீழ்நோக்கித் தொங்கும். ஃபோகஸ் வளையத்தைத் திருகாமல், பல்சக்கரம் வைத்த ஒரு தண்டில் கேமராவையே மயிரிழை மயிரிழையாக இறக்குவேன். லென்சுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை ரொம்பச் சுருக்கினால் முன்னும் பின்னும் அதிகம் தெளிவாகத் தெரியும் என்று ஆசையில் சுருக்குவார்கள். ஓர் அளவுக்கு மேல் சுருக்கினால் படம் முழுதும் மழுங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பது லென்சுக்கு லென்ஸ் மாறும், பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

லென்சின் மூக்குக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை மட்டும் பல வருடம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வைத்தது செல்லத்துரையின் விபத்து.

செல்லத்துரை சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் டை என்று சொல்லும் கனத்த இரும்பு அச்சுகளைச் சங்கிலி ஹாயிஸ்ட்டில் தூக்கி மாற்றுவது அவன் வேலை. ஒரு மழைக்காலக் காலை ஷிஃப்டில் தூக்கிய டை சாய்ந்து விழுந்தது. ஷூவில் விரல்களைக் காக்கும் இரும்பு மூடிக்குப் பின்னால், சரியாகப் பாதத்தின் நடுவில். ஹாயிஸ்ட்டைப் பிடித்திருந்த இரும்புக்கட்டையில் ஒரு போல்ட் தலையோடு அறுந்திருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கையோடு பேச்சு கிளம்பிவிட்டது. வேலையைச் சீக்கிரம் முடிக்க இரண்டு டையை ஒன்றாகக் கட்டித் தூக்கியிருக்கிறான், பாரம் தாங்காமல் போல்ட் அறுந்தது என்று கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சொன்னார். செல்லத்துரை ஒன்றைத்தான் தூக்கினேன் என்றான். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. கண்காணிப்புக் கேமராவை ஒரு தூண் மறைத்தது. கீழே ஏற்கெனவே வேறு டைகள் கிடந்ததால் எது விழுந்தது, எது இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை. அவன் தப்பு என்று முடிவானால் வேலை போகும். அடுத்த கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள், இந்த வட்டாரத்தில் எல்லா கான்ட்ராக்டரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

போல்ட்டின் தலைத்துண்டு லேபுக்கு வந்தது. உதவிக்கு ஓடிவந்த ஃபோர்க்லிஃப்ட் அதன்மேல் ஏறியிருந்தது. உடைந்த முகம் நசுங்கி, தேய்த்த பாத்திரம்போல் வழவழவென்று இருந்தது. மேடம் டார்ச்சோடு ஒரு சுற்று வந்தார், அணைத்தார். இதில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்.

மிச்சம் இருந்தது கட்டைக்குள்தான், அதை ஏற்கெனவே அப்படியே லேபுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். போல்ட்டின் தலை உட்காரும் குழி அகலமானது. அதன் அடியில், விரலின் ஒரு கணு ஆழத்தில், உடைந்த தண்டின் முகம் தெரிந்தது. அதை வெளியே எடுக்கத் துளை போட்டால் முகம் போய்விடும். கட்டையை அறுத்தால் தெரியும். ஆனால் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை இனி எதையும் வெட்டவோ கழற்றவோ கூடாது என்று உத்தரவு. அதற்குள் இந்த ஈரத்தில் முகத்தில் துரு ஏறினால் அப்புறம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மேடம் கட்டையைப் பிளாஸ்டிக்கில் மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டார். "இருக்கிறபடியே எடுக்கணும்க்கா. இதுக்கு வேற சாட்சி இல்ல" என்றார்.

அறுபதை இறக்கினேன். உருவம் வேண்டிய அளவுக்கு வரும்போது லென்சின் மூக்கு குழியின் வாயை மூடுவதுபோல் வந்து நின்றது. பக்கத்திலிருந்து வெளிச்சம் விட இடமில்லை. விட்டால் குழியின் சுவர் நிழல் முகத்தில் பாதியைத் தின்றது. டியூப் போட்டால் இன்னும் கிட்டே போகவேண்டும், இன்னும் மோசம். வீட்டிலிருந்து என் கல்யாண ஜூம் லென்சைக் கொண்டுவந்து பழைய பூதக்கண்ணாடியை மாட்டினேன். தள்ளி நிற்க முடிந்தது. ஆனால் ஓரம் கலங்கியது. உடைசல் எங்கே தொடங்கியது என்பதற்கான அடையாளம் ஓரத்தில்தான் இருக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு அதே ஜூமில் டியூபைப் போட்டேன். கனம் தாங்காமல் கம்பத்தின் தலை குனிந்தது. ஒவ்வொரு படமும் ஆடிப் போனது.

பகல் முழுதும் இப்படியே போனது. மேடம் ஒரு முறைகூட இன்னும் ஆகவில்லையா என்று கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேன்டீனிலிருந்து டீ வரவழைத்து, கட்டைக்கு எட்டாத மேசையில் வைத்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது நாக்கு கடைவாய்ப் பல்லுக்குப் போனது. சில மாதம் முன்பு அதற்கு வேர் சிகிச்சை செய்தவர் எங்கள் ஊர் டாக்டர் ரஹ்மான். வாயைத் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். அப்போது கேமரா என் முகத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. வாயும் ஒரு குழிதான். அதன் அடியில் இருக்கும் பல்லை அவர் தினமும் எடுக்கிறார்.

இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கிளினிக்குக்குப் போனேன். வலியா என்று கேட்டார். போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் இருந்தது நூறு மில்லிமீட்டர் மேக்ரோ. இரவல் கேட்கக் கூச்சமாக இருந்தது, சொந்தத் தொழிலுக்கு வாங்கியது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லென்ச தரமாட்டேன். நானே வரேன். ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு" என்றார்.

ஞாயிறு வந்தார். கேட்டில் பாஸ் போட்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு தோல்பையோடு. அவர் கேமராவை எங்கள் கம்பத்தில் ஏற்றினோம். நூறை அளவுக்கு இறக்கியபோது மூக்குக்கும் கட்டைக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போய்வந்தது. எனக்குப் பெருமூச்சு வந்தது. லென்சைச் சுற்றி அவர் மாட்டும் வளைய ஃபிளாஷ் இருந்தது. அதைப் போட்டு முதல் படம் எடுத்தேன். குழியின் அடி பளிச்சென்று, ஓரம்வரை துல்லியமாக விழுந்தது. மேடம் திரையைப் பார்த்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"எல்லாம் தெரியுது. ஆனா ஒண்ணும் தெரியல" என்றார்.

டாக்டருக்கு உடனே புரிந்தது. வளைய ஃபிளாஷ் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி அடிக்கும், மேடு பள்ளம் காட்டாது. பல்லின் நிறம் பார்க்க அது நல்லது, பல்லில் விரிசல் தேட நாங்களும் அதை அணைத்துவிட்டு ஒரு பக்கமாகத்தான் வெளிச்சம் விடுவோம் என்றார். பையைத் திறந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார், குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் சின்ன அளவில் ஒன்று. அதைக் குழியின் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, என்னை டார்ச்சை அதன்மேல் அடிக்கச் சொன்னார். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, உடைந்த முகத்தின்மேல் படுத்தாற்போல் ஓடியது. அவர் போல்ட்டைப் பார்த்து, "நல்லா பெரிசா வாயத் தொறங்க" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கையில் பிடித்தால் கண்ணாடி ஆடியது. லேபில் இருந்த ஒரு கிடுக்கியில் அதைப் பூட்டி நிறுத்தினோம். வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வந்தபோது ஒன்றும் இல்லை. கிடுக்கியைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம். அதிலும் இல்லை. மேடம் டார்ச்சோடு மேசையைச் சுற்றுவதை நாங்கள் குழிக்குள் செய்துகொண்டிருந்தோம். ஏறக்குறைய முழுச் சுற்று வந்தபோது கேமராத் திரையில் ஏதோ எழுந்தது. கேமராவை மயிரிழை இறக்கினேன், துளையைப் பாதி சுருக்கி நிறுத்தினேன், மூச்சை அடக்கி ரிமோட்டை அழுத்தினேன்.

படம் பெரிய திரைக்கு வந்தது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றினார்.

"பார்த்தத சொல்லுங்கக்கா."

கிளிஞ்சலின் முதுகில் இருப்பதுபோல் கோடு கோடாக இருக்கிறது, எல்லாம் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்பி விரிந்துகொண்டே போகிறது, கிளம்பிய இடம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது, எதிர் ஓரத்தில் மட்டும் நகத்துணுக்கு அளவுக்குச் சொரசொரப்பாக, புதிதாகப் பளபளக்கிறது என்றேன்.

மேடம் தலையாட்டிவிட்டு விளக்கினார். கறுத்திருந்த ஓரத்தில் ஒரு கீறல் எப்போதோ விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்திருக்கிறது. கோடுகள் அது நின்று நின்று போன இடங்கள். ஒரேயடியாகப் பாரம் ஏற்றி அறுந்திருந்தால் முகம் முழுதும் சொரசொரப்பாக இருந்திருக்கும். விபத்து நடந்த காலையில் அந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த நகத்துணுக்கு மட்டும்தான். மேடம் படத்தின் கீழே தேதியையும் நேரத்தையும் போடச் சொன்னார்.

மறுநாள் பிளான்ட் மேனேஜர் லேபுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது. படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அவன் இரண்டு டை தூக்கவில்லை என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். எனக்கு மனசுக்குள் ஆமாம் சொல்லுங்கள் மேடம் என்று ஓடியது.

"எத்தன தூக்கினான்னு இந்த போல்ட் சொல்லல சார். ஒண்ணு தூக்கியிருந்தாலும் அறுந்திருக்கும்னு சொல்லுது. நான் அத மட்டும்தான் எழுதுவேன்."

மேனேஜர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, அப்படியே எழுதுங்கள் என்றார். இரண்டு தூக்கவில்லை என்று ஒரு சொல் கூட்டிப் போட்டிருந்தால் விசாரணையில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு முழுதையும் சாய்த்திருப்பார்கள் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். அவர் அனுமதியோடு கட்டையை அறுத்து, வெளி லேபில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். மேனேஜர் பிரஸ் ஷாப்பில் எல்லா ஹாயிஸ்ட்டையும் நிறுத்திப் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். இன்னொன்றிலும் அதேபோல் கீறல் பாதிவரை ஊர்ந்திருந்தது. அதன் கீழே தினமும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த மாதமே லேபுக்கு நூறு மில்லிமீட்டர் வந்தது. இத்தனை வருடம் லேபில் இருந்த நூறு அதுதான், இப்போது அதன் மோட்டார் தேய்ந்துவிட்டதால்தான் யாமினி புதிது வாங்குகிறாள். வாய்க் கண்ணாடிகள் ஒரு பெட்டி நிறைய டாக்டர் அனுப்பிவைத்தார். இரவல் என்று நினைத்தேன், திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். என் பற்கள் இன்றைக்கும் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன.

செல்லத்துரை ஊன்றுகோலோடு திரும்பி வந்தான். ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள், கம்பெனியின் நேரடி ஆளாக. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் லேப் வாசலில் வந்து நின்றான். அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டான். மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் திரையில் காட்டினார். கோடுகளை விரலால் தொடாமல் தொடர்ந்து காட்டினார்.

பிறகு, இதில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டான். கம்பெனிப் படம் வெளியே போகக்கூடாது என்பது விதி. ஏன் என்று மேடம் கேட்டார். அப்பாவுக்கு அனுப்பத்தான் என்றான். விபத்து நடந்தவுடன் கான்ட்ராக்டர் ஆள் ஊருக்குப் போன் போட்டு, உங்கள் மகன் அவசரப்பட்டுக் காலைப் போக்கிக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறார்.

"எங்கய்யா அதுக்குப் பெறகு எங்கிட்ட பேசல மேடம். சின்ன வயசிலேருந்தே இவன் இப்படித்தாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டாராம். நாஞ் சொன்னா நம்பமாட்டாரு."

மேடம் படத்தைக் கொடுக்கவில்லை. அவன் போனில் அப்பா நம்பரைப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. மறுமுனையில் ஆடு கத்தும் சத்தத்தோடு ஒரு குரல் யாரென்று கேட்டது. மேடம் தன் பெயரைச் சொல்லி, உங்கள் மகன் வேலை பார்க்கும் இடத்திலிருந்து பேசுகிறேன் என்றார். போல்ட்டில் வெகுநாளாகக் கீறல் இருந்ததை, அது யார் தூக்கியிருந்தாலும் அன்றைக்கு அறுந்திருக்கும் என்பதை, நாங்கள் அதைப் படம் எடுத்ததை, அரசாங்க அதிகாரியும் அதை ஒப்புக்கொண்டதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்குச் சொல்வதைவிட எளிமையாக, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னார்.

மறுமுனையில் ஆட்டுச் சத்தம் தேய்ந்து மறைந்தது, எங்கேயோ தள்ளிப்போய் நின்றுகொண்டார் போலிருக்கிறது. பிறகு அந்தக் குரல் வந்தது.

"அவன்ட்ட போனக் குடுங்கம்மா."

மேடம் ஸ்பீக்கரை அணைத்துப் போனை அவன் கையில் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, லேப் கதவைச் சாத்தினோம்.